கம்ப்யூட்டருக்கு வாய்ப்பூட்டு

திருச்சானூரே திரண்டு வந்திருந்தது. தாயார் தரிசனத்துக்கு அல்ல, ஏகாம்பரத்தின் நெட் சென்டருக்கு! இரையும் கம்ப்யூட்டரை ஒரே மந்திரத்தில் அடக்கும் மகான் வந்திருந்தார். திருநாமம் மௌனானந்தர். வாயை மூடவே மாட்டார்.

"பெட்டிக்குள் ராகு சீறுகிறான்! எல்லோரும் கண்களை மூடுங்கள்!"

மூடினார்கள். மகான் பெட்டியைத் திறந்து ஏதோ முணுமுணுத்தார். மூடி, அதன் முதுகில் செப்புத் தகடு ஒன்றை ஒட்டினார். ஆகா, என்ன அமைதி! கோவிந்தா கோஷம் தெருமுனையை எட்டியது. தட்சணைத் தட்டு நிரம்பியது.

தேன்மொழிக்குத் தலைகால் புரியவில்லை. குவைத்துக்குப் போன கணவன் பவன்குமார் வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசுவான். இரைச்சலில் பாதி காதில் விழாது. இன்றோ அவன் இருமல்கூட இனித்தது.

"தேனு, லீவு கேட்டுக்கினு இருந்தேனே, மேனேஜரு இன்னா சொன்னான்னா..."

பொட்டென்று திரை இருண்டது. பெட்டியைத் தொட்டவள் கையை உதறினாள். தோசைக்கல் தோற்றது!

"கண்ணேறு! இன்னொரு தகடு வேண்டும்," என்றார் மகான்.

"ஒட்டுங்க சாமி," என்றாள் தேன்மொழி. "அதுக்கு மின்னாடி, மேல லொடலொடன்னு கத்திக்கினு கீதே ஃபேனு, அத்த அடக்குங்க பாப்போம்."

"அடங்கும்! கண்களை மூடுங்கள்!"

தேன்மொழியும் மூடினாள். வெகு பக்தியாகச் சுவரில் சாய்ந்து, ஃபேன் ஸ்விட்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.

மந்திரம் மெல்லச் சுவரோரம் நகர்ந்தது. ஒரு விரல் தடவித் தடவி வந்தது.

"சாமி, அது ஸ்விட்ச் இல்ல. என் மோதிரம்!"

எல்லாக் கண்களும் திறந்தன. மேலே ஃபேன் லொடலொடவென்று சிரித்தது. ஏகாம்பரம் பாய்ந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே குட்டிக் காற்றாடியின் ஒயர் பிடுங்கப்பட்டுத் தொங்கியது. சூடு வெளியேறும் துளைகளின் மேல் தெய்வீகத் தகடு!

"அடப்பாவி! மூக்கையும் பொத்திட்டு மூச்சையும் புடுங்கிட்டியா?"

"உட்ருப்பா நைனா, பொழப்பு!" மகானின் செந்தமிழ் கழன்று விழுந்தது.

தேன்மொழி காற்றாடியிலிருந்து ஒரு பிடி தூசியை வழித்தெடுத்தாள். "இந்தாங்க, உங்க ராகு!" ஏகாம்பரம் தகட்டைப் பிய்த்தெறிந்து, ஆடிய திருகாணியை முடுக்கி, ஒயரைச் செருகி, பெட்டியைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தான். காற்றாடி ஓடியது. ஊமையாக அல்ல, வண்டு போல மெதுவாக. பவன்குமாரின் குரல் அதற்கு மேலே தெளிவாக வந்தது.

"பொங்கலுக்கு வரேன் தேனு!"

அவள் போட்ட கூச்சலை அடக்க எந்தத் தகடும் போதாது.

கூட்டம் தட்டைக் கவிழ்த்துத் தன் காசைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. கமலம்மா மட்டும் மகானை ஓரங்கட்டினாள். "சாமி, எங்கூட்டுக்காரரு கொறட்டைக்கு ஒரு தகடு கீதா?"

கம்ப்யூட்டராவது சூடேறினால் தானாக நின்று நம்மை எச்சரிக்கிறது. பூட்டி வைத்த மூளை அதுகூடச் செய்யாது. கொஞ்சம் காற்றுப் படட்டும், திறந்து வையுங்களய்யா!