வானிலை அண்ணையும் சட்டை போட்ட நாயும்

ஜெர்மனியின் எசன் நகரத்தில் இலையுதிர்காலத்தைத் தொடக்கிவைக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்த அவரை எல்லோரும் 'வானிலை அண்ணை' என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயர் அவருடைய கடிதப்பெட்டிக்கு மட்டும் தெரியும்.

தொலைக்காட்சி சொல்லும் வானிலையை அவர் நம்பமாட்டார். நம்பியதெல்லாம் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாவின் குட்டைக்கால் நாயை. அது சிவப்புச் சட்டை போட்டு வெளியே வரும் நாள்தான் இலையுதிர்காலத்தின் முதல் நாள். அதுவரைக்கும் மரமெல்லாம் மொட்டையானாலும் அண்ணை அரைக்கைச் சட்டையோடுதான் திரிவார்.

"அண்ணை, ஜாக்கெட்டைப் போடுங்கோ. பல்லுக் கிடுகிடுக்குது."

"நாயே இன்னும் போடேல்லை. எனக்கென்ன அவசரம்?"

காலையில் தேநீரோடு பல்கனியில் நின்று ஊர் நடப்பை அறிவிப்பார். எதிர்வீட்டுக்காரர் இயந்திரத்தால் இலைகளை ஊதிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார். காற்று திருப்பி அனுப்பும். "உந்த மனுசன் காத்தோடை வழக்குப் போடுறான். வெல்ல ஏலாது" என்பார். கையுறை போட்டுக்கொண்டு ஐஸ்கிறீமுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் அரைமணி நேரம் சிரிப்பார்.

இவ்வளவுக்கும் நாய் என்றால் அவருக்குக் குலைநடுக்கம். லிப்டுக்குள் அது ஏறினால் அண்ணை படியில் இறங்குவார்.

போன வருடம் ஐப்பசி முடிந்தும் நாயைக் காணவில்லை. அண்ணைக்குத் தடிமன் பிடித்து, குரலும் போய்விட்டது.

"நாய் வராட்டி மார்கழி மட்டும் உப்பிடியே நிப்பியளோ?" என்று அவர் மனைவி ஏசினார்.

அண்ணை என்னைத் தேடி வந்தார். "தம்பி, அந்த நாய்க்கு ஏதோ நடந்திட்டுது. வா, கேட்டுப் பாப்பம்."

என்னைக் கூட்டிப்போனது மொழிபெயர்க்க அல்ல. நாய்க்கும் அவருக்கும் நடுவில் நிற்க.

கதவைத் திறந்த அம்மா ஊன்றுகோலில் நின்றார். காலில் மாவுக்கட்டு. கட்டு அவிழ்க்க டொக்டர் குறித்துத் தந்த டெர்மினுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறதாம். நாய்க்குக் கொல்லைப்புறம் மட்டும்தான். "தெருவுக்கு யார் கூட்டிப்போவது?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் அண்ணை ஜெர்மனில் சொல்லிவிட்டார்: "நான்."

அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

மறுநாள் காலை முழுக் கட்டடமும் ஜன்னலில் நின்றது. முன்னால் சிவப்புச் சட்டையோடு நாய். பின்னால், பற்றவைத்த சீனவெடியைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தபடி அரைக்கைச் சட்டையோடு அண்ணை. நாய் ஒரு மரத்தடியில் நின்றது. அவரும் நின்றார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "வாங்கோ, போவம்" என்றார்.

மேலிருந்து அண்ணையின் மனைவி கத்தினார்: "இஞ்சருங்கோ! நாய் சட்டை போட்டிட்டுது, நீங்களும் போடுங்கோவன்!"

நான் ஜாக்கெட்டோடு ஓடிப்போய் அவர் தோளில் போர்த்தினேன்.

"மெதுவா வா தம்பி" என்று கிசுகிசுத்தார். "அது பயந்திடும்."

கயிற்றை இன்னும் நீட்டிய கையோடுதான் பிடித்திருந்தார். வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று நானும் கூடவே நடந்தேன்.