பிள்ளையார்பாளையம் நெட்காரரின் ராஜினாமா

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள மாப்பிள்ளை குமரகுரு அவர்களுக்கு, வேணுகோபால் எழுதுவது. உங்கள் சுகமும் தங்கை கலைவாணியின் சுகமும் குழந்தை கீர்த்தியின் படிப்பும் அறிய ஆவல். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதிலும் பெரிய கம்பெனிக்கு வருமானம் சேரும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

அம்பத்தூர் குடோனில் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னீர்களே, அதற்கு நான் முகத்தைச் சுளித்தேனே, அந்த வேலை இன்னும் இருக்கிறதா? வந்துவிடுகிறேன். வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் தொழிலை இந்த மாதத்தோடு மூடுகிறேன். ஒரு கம்பெனிக்காரன் தெருவுக்குள் வந்து மூன்று மாதம் இலவசம் என்றான். இன்னொருவன் வந்து அதற்கு மேல் டி.வி. பெட்டியும் இலவசம் என்றான். இரண்டு பேரும் அடித்துக்கொண்டதில் நசுங்கியது நான்தான். போதாக்குறைக்கு, வீட்டு இன்டர்நெட்டில் அவர்கள் வருமானம் எகிறிவிட்டதாகப் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எகிறாமல் என்ன செய்யும், என் தெருவே அதற்குள் அல்லவா போயிருக்கிறது!

கடைசிவரை என்னுடன் நின்றது காமாட்சியம்மாள் வீடு ஒன்றுதான். தறியிலிருந்தே பட்டுச்சேலையை வீடியோ காலில் காட்டி விற்கிறவர். போன வாரம் குரங்கு அவர் வீட்டு வயரை அறுத்துவிட்டது. எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். நெசவுக் கை சும்மா இருக்குமா? தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைச் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டுவார்களே, அதே மாதிரி வயருக்குள் இருந்த கண்ணாடி இழையையும் சாம்பல் தொட்டு முறுக்கி வைத்திருக்கிறார். நான் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"நூலு மாதிரிதானே இருக்குது? எத்தினி பாவு ஒட்டியிருக்கேன், இது மட்டும் ஏன்பா ஒட்ட மாட்டேங்குது?" என்றார்.

அதற்குள் ஒளி போகவேண்டும், சாம்பல் பட்டால் போகாது என்றேன்.

"அப்போ உன் சரக்குதான் மட்டம்பா" என்றவர் மறுநாளே கம்பெனிப் பக்கம் போய்விட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. கேபிள் டி.வி. காலத்திலிருந்து கட்டிக்காத்த தொழில் ஒரு சிட்டிகைச் சாம்பலில் முடிந்துபோயிற்று. குடோன் முதலாளியிடம் சொல்லிவையுங்கள், மூட்டை எண்ணச் சொன்னாலும் எண்ணுகிறேன்.

ஏகாம்பரநாதர் அருளால் நீங்கள் மூவரும் நீடூழி வாழவேண்டும். உங்கள் வீட்டு நெட் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
வேணுகோபால்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காமாட்சியம்மாள் வாசலில் வந்து நின்றார், பின்னால் பாதித் தெரு. கம்பெனி நெட் நேற்றிலிருந்து செத்துக் கிடக்கிறதாம். "போன் போட்டா ஒரு பொண்ணு ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சொல்லிக்கினே இருக்குதுப்பா. வாய்க்கு வந்தபடி திட்டறேன், அதுக்குக் கோவமே வரமாட்டேங்குது. திட்டறதுக்கு ஆளில்லாத நெட்டு எனக்கு வாணாம். நீ வயரை எடுத்துக்கினு வா" என்றார். இப்போதுதான் இழுத்துவிட்டு வந்தேன். வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று, சரக்கிலிருந்து என் மூஞ்சி வரைக்கும் திட்டித் தீர்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. குடோன் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.