எத்திராஜை விசாரித்த எத்திராஜ்

"போலீஸ் வீட்டுக் குடம்னா அதுக்கு மட்டும் கால் முளைச்சு முன்னாடி போயிடுமா?" என்று ஜூடித் டீச்சர் கத்தினாள்.

"முன்னாடி போகல டீச்சர். அஞ்சு மணிக்கே வெச்ச குடம் அது!" மங்களம் அதைவிட ஒரு படி மேலே கத்தினாள்.

"யாரு வெச்சது? நீயா வெச்சே? யூனிஃபார்ம் போட்ட கான்ஸ்டபிள் வந்து வெச்சான். இவனுக்கு சர்க்கார் சம்பளம் குடுக்கிறது திருடனைத் தேடவா, உன் வீட்டு அண்டாவை ரொப்பவா?"

"அக்கா, எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி..." என்று இடையில் ஒரு குரல் வந்தது. கையிலிருந்த இரண்டு குடங்களையும் இறக்கிவைக்கத் தெரியாமல் நின்ற கான்ஸ்டபிள் ராஜேந்திரனின் குரல் அது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

பெங்களூர் ஈஜிபுராவின் அந்தக் குறுக்குத் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். சண்டை மட்டும் தினமும் வரும். மங்களத்தின் புருஷன் ஹெட் கான்ஸ்டபிள் எத்திராஜ், பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஜன்னலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். ஊர்ச் சண்டையை எல்லாம் ஸ்டேஷனில் தீர்த்துவைக்கிறவர் சொந்தத் தெருச் சண்டையில் தலையிடமாட்டார். அது அவருடைய கொள்கை.

"கமிஷனருக்கே எழுதுறேன் பாரு!" என்றாள் ஜூடித், கடைசியாக.

தெருவில் ஆளாளுக்குச் சொல்கிற வாக்கியம்தான். ஆனால் பத்தாவது நாள் கமிஷனர் ஆபீசுக்குப் போன ஒரு மொட்டை பெட்டிஷன், மேலிருந்து படிப்படியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எத்திராஜின் ஸ்டேஷனுக்கே வந்து இறங்கியது. 'ஹெட் கான்ஸ்டபிள் எத்திராஜ், பணியிலிருக்கும் காவலரைத் தன் வீட்டுத் தண்ணீர்க் குடம் சுமக்க வைக்கிறார்' என்று சுத்தமான இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. கீழே பெயர் இல்லை.

எத்திராஜுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வேலையைப் பற்றியல்ல. இருபத்தாறு வருஷ சர்வீசில் இந்த மாதிரி எத்தனையோ காகிதம் பார்த்தாயிற்று. கவலையெல்லாம் மகள் வைஷ்ணவியைப் பற்றி. போன மாதம்தான் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையன் பரத்துக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பையனின் அப்பா பாலசுப்ரமணியன், செக்ரடேரியட்டில் சூப்பரின்டென்டாக இருந்து ரிட்டயரானவர். கேசரியைச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே, "பொண்ணைப் பிடிச்சிருக்கு. நகை நட்டெல்லாம் எங்களுக்குப் பெரிசில்ல. குடும்பத்து மேல ஒரு சின்னக் கறைகூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான். யோசிச்சு சொல்றோம்," என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். "எத்திராஜ், இது யாரோ உன்மேல எழுதியிருக்காங்க. விசாரிச்சு ரிப்போர்ட் போடு."

"சார், என்னைப் பத்தி நானே எப்படி..."

"பின்னே? இந்த ஸ்டேஷன்ல உன்னை விட்டா யாருக்கப்பா ரிப்போர்ட் எழுத வரும்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுப் போ. எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

பதினான்கு வருஷமாக ஸ்டேஷன் ரைட்டர் அவர்தான். ஆகவே எத்திராஜ் எத்திராஜை விசாரித்தார். 'தீர விசாரித்ததில் புகார் பொய் என்று தெரியவருகிறது' என்று ஒரே வரியில் முடித்தார். நான்கே நாளில் அது திரும்பி வந்தது. 'குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலம் எங்கே?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள்.

முறை என்றால் முறை. எத்திராஜ், எத்திராஜுக்கு நோட்டீஸ் எழுதினார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பே ஆஜரானார். ஒவ்வொரு கேள்வியாக எழுதி ஒவ்வொரு பதிலாக நிரப்பினார். நடுவில் ஒரு கேள்வி கொஞ்சம் கடுமையாக விழுந்துவிட, அதை அடித்துவிட்டு மரியாதையாக மாற்றினார்.

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் போன் அடித்தது. பாலசுப்ரமணியன்!

"என்ன எத்திராஜ், பிஸியா இருக்கீங்களா?"

"இல்லீங்க... ஒரு சின்ன விசாரணை."

"யார்மேல?"

"டிபார்ட்மென்ட் ஆளு ஒருத்தர்மேல பெட்டிஷன். வீட்டு வேலைக்குக் கான்ஸ்டபிளை வெச்சுக்கிட்டாராம்." நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

"யாரு விசாரிக்கிறது?"

"நான்தாங்க."

"நீங்களேவா! சரி சரி, வெச்சுடறேன்," என்று போனை வைத்துவிட்டார்.

சம்பந்தம் கையை விட்டுப் போயிற்று என்று எத்திராஜ் அன்று முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தார். நடந்ததோ வேறு. மூன்றாம் நாள் மஞ்சள் தடவிய கடிதம் வந்தது. தை மாதம் முகூர்த்தம், சத்திரம் பாருங்கள் என்று.

மங்களம் கடிதத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். எத்திராஜுக்குத்தான் பயம் இரட்டிப்பாயிற்று. தேதியும் குறித்தாகிவிட்டது. பெட்டிஷனோ இன்னும் மூடவில்லை. அன்றைக்கே அது இரண்டாம் முறையாகத் திரும்பியும் வந்தது. 'வாக்குமூலம் திருப்தி. தெருவாசிகளில் பெண்கள் சிலரின் சாட்சியம் தேவை.'

வேறு வழியில்லாமல் ஜூடித் வீட்டு மாடிப்படி ஏறினார்.

"டீச்சர், நடந்தது நடந்துபோச்சு. எழுதின கையாலேயே ஒரு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்துடுங்க."

"நான் எழுதினேனா? எத்திராஜண்ணே, நான் எழுதியிருந்தா கீழே என் பேரைக் கொட்டை எழுத்துல போட்டிருப்பேன்!" என்றாள் ஜூடித். பிறகு மெல்லக் குரலை இறக்கி, "சாட்சி சொல்றேன். ஆனா எனக்கு முட்டிவலி. மாடிக்குத் தண்ணி தூக்க முடியல," என்றாள்.

மறுநாளிலிருந்து ராஜேந்திரன் ஜூடித்துக்கும் தண்ணீர் தூக்கினான்.

சங்கதி அத்தோடு நின்றிருக்கலாம். தெரு என்று ஒன்று இருக்கிறதே! எதிர்வீட்டு வனஜா, "டீச்சர் சாட்சி மட்டும்தான் செல்லுமா? நாங்க சொன்னா செல்லாதா? எனக்கும் இடுப்பு வலிக்குதே," என்று வந்து நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் ஒன்பது வீட்டுக்காரிகளுக்கு ஒரே வாரத்தில் இடுப்பு, முதுகு, தோள்பட்டை எல்லாம் பிடித்துக்கொண்டது. சாட்சிகள் பெருகப் பெருக ராஜேந்திரன் ஒருவன் போதவில்லை. எத்திராஜ் ஸ்டேஷனிலிருந்து இன்னும் இரண்டு பேரை வரவழைத்தார்.

"சார், ஒரு குடம் தூக்கினதுக்கு வந்த பெட்டிஷன் இது," என்றான் ராஜேந்திரன், மூச்சு வாங்க. "அதை மூடறதுக்கு இப்ப நாற்பத்திநாலு குடம் தூக்கறேன்."

"வாயை மூடிக்கிட்டுத் தூக்கு. நீயும் ஒரு சாட்சி."

பதினோரு பெண்களும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். 'எங்கள் தெருவில் எந்தக் காவலரும் தண்ணீர் சுமந்ததை நாங்கள் கண்ணால் கண்டதில்லை' என்பது வாசகம். வனஜா கையெழுத்துப் போடும்போது, "இருங்க, அந்தக் குடத்தை உள்ள வைக்கச் சொல்லிட்டு வந்துடறேன்," என்று ராஜேந்திரனுக்கு வழிகாட்டிவிட்டு வந்து போட்டாள்.

மூன்றாம் முறை காகிதம் திரும்பவில்லை. காகிதத்துக்குப் பதில் ஒரு பெரிய அதிகாரியே ஜீப்பில் நேரில் வந்து இறங்கினார். அதுவும் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்து, காலை ஆறரை மணிக்கு. யூனிஃபார்மில் மூன்று கான்ஸ்டபிள்கள், ஆளுக்கு இரண்டு குடத்தோடு தெருவில் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். எத்திராஜ் லுங்கியோடு வாசலில் உறைந்து நின்றார். வைஷ்ணவியின் கல்யாணம், பென்ஷன், மானம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயடிச் சாக்கடையில் போவதைக் கண்ணால் பார்த்தார்.

"ஏனிது? என்ன இது?" என்றார் அதிகாரி.

எத்திராஜ் அவசரமாக லுங்கியை இறக்கிவிட்டு சல்யூட் அடித்தார். பதில் ஜூடித்திடமிருந்துதான் வந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, நல்ல இங்கிலீஷில், "சார், எங்க ஸ்டேஷன் போலீஸ் மாதிரி வேற எங்கேயும் கிடையாது. வயசானவங்க, வியாதிக்காரங்க எல்லாருக்கும் தண்ணி எடுத்துக் குடுக்கறாங்க," என்றாள். தண்ணீர் நின்றுவிடுமே என்ற கவலை அவளுக்கு.

அதிகாரி அசந்துபோனார். போலீஸ் ஜனங்களோடு சினேகமாகப் பழக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அந்த மாதம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. எந்த ஸ்டேஷனும் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எத்திராஜ் ஒருவர்தான் நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டார் என்று முடிவு கட்டினார். பெட்டிஷன் பொய் என்று மூடப்பட்டது. குடியரசு தினத்தன்று எத்திராஜுக்கு ஒரு சர்டிபிகேட்டும் சந்தன மாலையும் கிடைத்தன. தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் அந்த டிவிஷனில் வேறு யாருக்கும் கிடைக்காத மாலை.

அதே தையில் கல்யாணமும் நன்றாகவே நடந்தது. வைஷ்ணவியும் பரத்தும் ஓசூரில் குடித்தனம் வைத்தார்கள். மாலை விழுந்த சூட்டில் மற்ற தெருக்களும் தங்களுக்கும் போலீஸ் வேண்டும் என்று கேட்க, ராஜேந்திரன் கைகூப்பி ஆனேக்கலுக்கு மாற்றல் கேட்டு ஓடிப்போனான். அவன் போனதும் ஜூடித் டீச்சர் மேலே தண்ணீர் ஏறுகிற வீடாகப் பார்த்துக் காக்ஸ் டவுனுக்குப் போய்விட்டாள்.

மறுவீட்டு விருந்தன்று மங்களம் சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைக் காட்டி, "எவனோ ஒரு பாவி மொட்டை பெட்டிஷன் போட்டு எங்களை எப்படிப் படுத்திட்டான் தெரியுமா சம்பந்தியம்மா? அவன் யாருன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல," என்று அங்கலாய்த்தாள்.

பையனின் அம்மா மரகதம் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அது எங்க வீட்டுக்காரர்தாங்க. பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு கான்ஸ்டபிள் குடம் தூக்கறதைப் பார்த்துட்டாரு. சம்பந்தம் பேசப்போற இடத்தைப் பத்தி அக்கம்பக்கத்துல கேட்டா மரியாதையா இருக்காதுன்னு, ஆபீசுக்கே ஒரு மொட்டை பெட்டிஷன் போட்டுடுவாரு. முன்னாடி பார்த்த மூணு இடத்துலயும் விசாரிச்சு ஆள் சுத்தமானவர்னு வந்துச்சு, வெறும் சுத்தத்தை வெச்சு என்ன பண்றதுன்னு வேணாம்னுட்டாரு. உங்க வீட்டுக்காரர்மேல போட்ட பெட்டிஷனை அவரே விசாரிக்கிறார்னு போன்ல கேட்டதும்தான், 'இவ்வளவு செல்வாக்கான இடம் நமக்கு இனிமே கிடைக்காது மரகதம்'னு அன்னிக்கே முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துட்டாரு."