சாரல் நகரின் காலைக் குறிப்பு

2025 ஜூன் 16, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மெல்லிய சாரல், மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று, மலையின் மேற்பாதியை மேகம் மூடியிருந்தது. கொடியில் கிடந்த துண்டை வடிவாம்பாள் தொட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை போட்ட துண்டு, சனிக்கிழமை இருந்த ஈரத்தோடேயே இருந்தது.

"தொட்டாக் காஞ்சிருமா?" என்றார் கணவர் தாணுமாலயன், செய்தித்தாளை இறக்காமல்.

"காய வைக்கதுக்கு வழி இருக்கு. யாரும் கேக்கலியேன்னு பாக்கேன்."

"கேக்காட்டா மட்டும் சொல்லாம இருந்திருவியாக்கும்."

அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளிச்சம் விழும் சன்னலருகே போய் உட்கார்ந்தாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், பாதித் தொலைவில் உள்ளது சாரல் நகர். அதன் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அந்தக் குழுவுக்கு ஒரு காலைக் குறிப்பு உண்டு. குறிப்பை எழுதுபவள் வடிவாம்பாள். எந்தக் கடைத் தேங்காய்த் துருவியின் பிடி ஆடாது, எந்தக் குடை காற்றுக்கு மடங்காது, உப்பு ஜாடியில் நீர் விடாமலிருக்க என்ன போட வேண்டும் என்பவற்றையெல்லாம் அவள் எவரும் கேட்பதற்கு முன்பே தெரிவித்துவிடுவாள். அன்று எழுதினாள்:

"காலைக் குறிப்பு. சாரல் நாள்களில் துணி உலரவில்லையா? தணல் போட்ட சட்டியைத் தரையில் வைத்து, சாம்பிராணிக் கூடையால் மூடி, கூடைமேல் ஈரத்துணியை விரியுங்கள். அரைமணியில் காயும், மணமும் ஏறும். கூடை, தென்காசி கடைத்தெருவில் கிடைக்கும்."

அடுத்த சில நிமிடங்களுக்குள் நகர் முழுவதும் குறிப்பைப் படித்துவிட்டது. அது என்றும் நடப்பதுதான். பிறர் பிறந்தநாள் வாழ்த்தை இரண்டு நாள் கழித்துப் பார்ப்பவர்கள்கூட வடிவாம்பாளின் குறிப்பைக் காப்பி குடிப்பதற்கு முன் பார்த்துவிடுவார்கள். நன்றி என்று யாரும் எழுதுவதில்லை. நன்றி சொல்லும் கட்டத்தைக் கடந்த பழக்கம் இது என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஒரே ஒருவர் எழுதினார். "நன்றி மேடம். உடனே செய்கிறேன்." அடுத்த வீட்டு நயினார். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், சிவகிரியிலிருந்து போன மாதம்தான் குடிவந்தவர்.

வடிவாம்பாளுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தக் காலத்தில் தென்காசித் தொலைபேசி நிலையத்தில் அவள் ஆபரேட்டர். சீசனில் குற்றாலத்து விடுதிகளிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் கொல்லத்துக்கும் டிரங்க் கால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காதில் ஹெட்போன் அழுத்திக்கொண்டிருப்பதால், தலையில் வைத்த பிச்சிப்பூ ஒரு பக்கம் மட்டும் முதலில் வாடும். லைன் கிடைக்கும்வரை ஊர்க்காரர்கள் சும்மா இருப்பதில்லை. "யம்மா, ரேடியோவுக்கு நல்ல கடை எது?" என்பார்கள். "சொந்தக்காரவுக வந்திருக்காக, எந்த லாட்ஜில போடலாம்?" என்பார்கள். ஒரு கையால் கம்பியைச் செருகிக்கொண்டே அவள் சொல்லுவாள்.

அவள் சொன்ன ரேடியோக் கடை அடுத்த ஆண்டே மூடப்பட்டு, கடைக்காரர் மஸ்கட் போனார். அவள் சொன்ன லாட்ஜின் கூரை ஓர் ஆடிமாதத்தில் இறங்கியது. நல்லவை இவ்வுலகில் நீடிப்பதில்லை என்று அவள் வருந்தியதுண்டு.

அன்று காலை எட்டு மணி இருக்கும். நயினாரின் மனைவி இசக்கிசெல்வி கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, கொஞ்சம் வந்து பாருங்க. வீடு முச்சூடும் புகை. அவுக எங்கன நிக்காகன்னே தெரியல. இருமல் சத்தத்த வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

வடிவாம்பாள் போய்ப் பார்த்தாள். கூடையின்மேல் ஒரு துண்டு கருகிச் சுருண்டு கிடந்தது.

"இது என்ன துண்டு?"

"அருவிக்குக் கொண்டுபோன துண்டுதான். எண்ணெ தேய்ச்சுக் குளிச்சிட்டு இதத்தான் கட்டிக்கிட்டு வந்தாக."

"எண்ணெத் துண்டப் போடச் சொல்லி நான் எழுதலியே."

"போட வேண்டாம்னும் எழுதலியே மதினி."

அது நியாயமான வாதமாக இருந்தபடியால் வடிவாம்பாள் வேறு பக்கம் திரும்பினாள். அங்கே, புகை வெளியேறட்டும் என்று திறந்துவிட்ட சன்னல்கள் வழியே, குரங்குகள் வந்துகொண்டிருந்தன. மலையிலிருந்து இறங்கிய கூட்டம். சாரல் நகர் முழுவதும் சன்னலை அடைத்து வைத்திருக்கும் காலத்தில், ஒரு வீடு மட்டும் நான்கு பக்கமும் திறந்திருப்பதைக் கண்டு வந்தது. நயினார் முந்தின நாள் செங்கோட்டையிலிருந்து வாங்கிவந்த நேந்திரங்குலையை ஒரு குரங்கு தோளில் போட்டுக்கொண்டு வெளியேறியது.

நயினார் இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், கொரங்குக்கு ஏதாச்சும் யோசனை இருக்கா?"

கேட்டுவிட்டார். ஒருவர், வாய் திறந்து, தன்னிடம் கேட்டுவிட்டார். இப்படிக் கேட்ட குரலைக் காதில் வாங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று வடிவாம்பாள் நினைத்துக்கொண்டாள்.

"ஒரு கண்ணாடிய எடுத்து மாடிச் சுவர்ல மாட்டுங்க அண்ணாச்சி. தன் மூஞ்சியத் தானே பாத்தா, வேற கூட்டம் வந்திருக்குன்னு பயந்து ஓடிரும்."

மறுநாள் காலைக் குறிப்பாகவும் அதையே எழுதினாள். நகர் முழுவதும் படித்தது, நயினார் செய்தார்.

கண்ணாடியைக் கண்டு குரங்கு பயந்தது உண்மை. பயந்துபோய்த் தன் உறவினர்களை அழைத்துவந்ததும் உண்மை. பிற்பகலுக்குள் நயினாரின் மொட்டைமாடி ஒரு கல்யாண வீட்டின் மணப்பெண் அறை போல ஆயிற்று. ஒன்று பல்லைப் பார்த்தது; ஒன்று பேன் பார்த்தது; தாய் ஒன்று குட்டியைத் தூக்கிப் பிடித்து அதன் முகத்தை அதற்கே காட்டியது. மாலையில் கடுவன் குரங்கு ஒன்று கண்ணாடியைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியின் மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டது.

"என் வீட்டுல இருந்தது அந்த ஒரு கண்ணாடிதான் மேடம்," என்றார் நயினார். அவர் தாடையில் இரண்டு இடங்களில் பஞ்சு ஒட்டியிருந்தது. "சர்வீஸ்ல எத்தன களவாணியப் பிடிச்சிருக்கேன். இப்ப கொரங்கு அலங்காரம் பண்ணுது, நான் தடவிப் பாத்துச் சவரம் பண்ணுதேன்."

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அதுக்குக் கட்டாயம் கேக்கும்."

"யாரு கேக்கணும்? கொரங்கா, நானா?"

குற்றாலத்துச் சீசன் கடைகளில் ரப்பர்ப் பாம்பு தொங்கும். அதை வாங்கித் தொட்டிமேல் போட்டால் குரங்கு அண்டாது என்பது மூன்றாவது குறிப்பு. இசக்கிசெல்வி தானே போய், இருப்பதிலேயே நீளமானதாகப் பார்த்து வாங்கிவந்து போட்டாள். கணவரிடமும் முறையாகத் தெரிவித்தாள்.

குரங்குகள் பாம்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தன. பிறகு வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தன. விளையாடிச் சலித்ததும், கீழே நின்ற நயினாரின் ஸ்கூட்டர் இருக்கையில் அதைப் போட்டுவிட்டுப் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை காலை அருவிக்குப் புறப்பட்ட நயினார், பால்காரருடன் பேசியபடியே வண்டியில் கைவைத்தார். பால்கேன் உருண்டது. பால்காரர் அடுத்த தெருவிலிருந்துதான் திரும்பிப் பார்த்தார்.

இசக்கிசெல்வி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஏங்க, ரப்பர்ப் பாம்பு வாங்கியிருக்குன்னு நான் சொல்லலியா?"

"ரப்பரு தொட்டிமேலல்லா கெடக்கு? வண்டிமேல கெடக்கது வேற. கிட்ட வராத." காவல்துறைப் பயிற்சி பெற்ற மூளை அப்படித்தான் பிரித்துப் பார்க்கும். அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்.

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. சாரல் நகர் முழுவதும் குடைபிடித்து நின்றது. வந்த வீரர்களில் மூத்தவர், நீண்ட கொக்கியால் பாம்பை மெல்லத் தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், விலைச்சீட்டக் கிழிக்காம வச்சிருக்கீகளே," என்றார்.

குடைகளுக்குள் யாரும் சிரிக்கவில்லை. குடைகள் மட்டும் குலுங்கின.

நயினார் நேராகச் சங்கச் செயலாளர் பரீதின் வீட்டுக்குப் போனார். பரீது கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். தென்காசியிலேயே பிறந்து வளர்ந்தவர். உள்ளே பேசியது தெருவுக்கே கேட்டது.

"இந்த நகர்ல ஒண்ணு அந்தம்மா குறிப்பு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். மீட்டிங்கப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை சிறப்புக் கூட்டம் என்று குழுவில் அறிவிப்பு வந்தது. பொருள்: காலைக் குறிப்பு தொடரலாமா, கூடாதா. யாரைப் பற்றிய பொருளோ, அவர் கூட்டத்துக்கு வருவதில்லை என்பது சங்கத்தின் வழக்கம். ஆகவே வடிவாம்பாள் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் குறிப்பு எழுதவில்லை.

"விட்டுத் தள்ளு வடிவு," என்றார் தாணுமாலயன். "இனிமே எனக்கு மட்டும் சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன்."

"கல்யாணமானதுலேருந்து நான் சொன்னத நீங்க ஒண்ணாவது செஞ்சிருக்கீங்களா?"

தாணுமாலயன் யோசித்தார். "இல்ல," என்றார். "ஒண்ணுகூட இல்ல." அதை அவர் வருத்தத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை.

வெளியே சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தொலைபேசி நிலையம் தானியங்கியாக மாறிய நாளிலும் இப்படித்தான் தூறியது. பெரிய அதிகாரிகள் வந்து, புது இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாக்லேட் கொடுத்தார்கள். இணைப்புப் பலகையிலிருந்த கம்பிகளை அவள் ஒவ்வொன்றாக உருவி வைத்தாள். கடைசியாக விளக்கு எரிந்த லைனில் செங்கோட்டையிலிருந்து ஒரு கிழவரின் குரல். லைன் வேண்டாம் என்றார். சும்மாதான் கூப்பிட்டேன் என்றார். "நாளையிலேருந்து நம்பரச் சுத்துனா நேரா அங்க போயிருமாமே. உங்க சத்தத்தக் கேக்க முடியாதுல்லாம்மா?" என்றார். அவள் விடை சொல்வதற்குள் பலகை இருட்டாகிவிட்டது. அதற்குப் பின் பல ஆண்டுகள் வேறு வேறு நாற்காலிகளில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினாள். எந்த நாற்காலியிலும் எவரும் அவளிடம் நல்ல கடை எது என்று கேட்கவில்லை. சாரல் நகர் குழுவில் முதல் குறிப்பை எழுதி, அத்தனை பேரும் அதைப் படித்த அன்றுதான் பலகையில் மீண்டும் விளக்குகள் எரிந்தன.

அவையும் இன்று அணையப் போகின்றன என்று நினைத்தாள். நலச் சங்கம் சந்தனம், குங்குமமெல்லாம் வைக்காது.

கதவு தட்டப்பட்டது. பரீது குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டு, சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்த தாளை வெளியே எடுத்தார்.

"கூட்டம் முடிஞ்சிட்டு அக்கா."

"சொல்லிருங்க தம்பி. சுத்தி வளைக்க வேண்டாம்."

"நான் என்னத்தச் சொல்ல? தீர்மானம் போட்டு எல்லாரும் கையெழுத்தும் போட்டாச்சு. படிச்சிக்கிடுங்க."

இரண்டு கையாலும் தாளை நீட்டினார். வடிவாம்பாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வாய்விட்டே படித்தாள்.

"திருமதி வடிவாம்பாள் அவர்கள் நாள்தோறும் வழங்கிவரும் காலைக் குறிப்பு எக்காரணம் கொண்டும் நிறுத்தப்படலாகாது என்றும், நகர மக்கள் தங்கள் அன்றாட முடிவுகள் அனைத்தையும் அக்குறிப்பைக் கண்ட பின்னரே எடுத்துவருவதால், கடந்த இரு நாள்களாக அது வெளிவராமை பெருங்குழப்பத்தை விளைவித்துள்ளது என்றும், நாளை முதல் தவறாமல் தொடருமாறு அம்மையாரைக் கேட்டுக்கொள்வதென்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

அவள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். தாணுமாலயன் செய்தித்தாளை முகத்துக்கு இன்னும் சற்று நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"மொதக் கையெழுத்து நயினார் அண்ணாச்சியோடதுல்லா?" என்றாள் வடிவாம்பாள். "அவுகளுக்குத்தானே என்னால எல்லாச் சங்கடமும்? அவுகளே எப்படி மனசு மாறுனாக?"

பரீது குடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவுக ஊருக்குப் புதுசுல்லாக்கா, வெவரம் தெரியாம நீங்க சொன்னதச் செஞ்சிட்டாக; டெலிபோன் எக்ஸ்சேஞ்சு காலத்துலேருந்து நீங்க ஒண்ண நல்லதுன்னு சொன்னாத்தான, எதச் செய்யக்கூடாதுன்னு இந்த ஊருக்கே தெரியும்."