அசல் துவெர்னே

உலக இசையின் வரலாற்றைத் ‘துவெர்னேவுக்கு முன்’, ‘துவெர்னேவுக்குப் பின்’ என்று இரண்டாகப் பிரிப்பதே முறை. அந்தத் துவெர்னே அடியேன்தான்.

ஜாஸ் என்ற பெயர் நியூ ஆர்லியன்ஸில் புழங்காத காலத்திலேயே நான் வாத்தியக் குழுத் தலைவன். ‘பேராசிரியர்’ ஒனெசீம் துவெர்னே. பட்டம் வழங்கியது சுவரொட்டி அடித்த அச்சகம். கார்னெட் வாசிப்பேன், அதாவது, அந்தக் குட்டை எக்காளத்தை உதட்டில் வைத்துக் கன்னத்தை உப்பவைப்பேன். ஓசை எனக்குப் பின்னால் நிற்கும் ஸெனோனிடமிருந்து வரும். தலைவன் என்பவன் எல்லாவற்றையும் தானே செய்யக் கூடாது.

சவ ஊர்வலம், ஏரிக்கரை விருந்து, கல்யாணம் என்று அழைப்புகள் குவிந்தன. ‘நிர்வாக விரிவாக்கம்’ செய்தேன். ஸெனோனுக்கும் என்னுடையதைப் போலவே ஒரு தொப்பி வாங்கித் தந்து, என் பெயரிலேயே இன்னொரு குழு அமைத்தேன்.

“யாராவது கேட்டா நீதான் துவெர்னே.”

“அப்ப நீங்க யாருண்ணே?”

“நானும் துவெர்னேதான்.”

“உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

கலைஞர்களுக்கு நிர்வாகம் புரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நடன மண்டபக்காரர்கள் ஒரே மாலைக்கு என் குழுவைக் கேட்டார்கள். இருவருக்கும் ‘அசல் துவெர்னே’யை அனுப்பச் சம்மதித்தேன். விளம்பரத்துக்காக வாத்தியம் முழங்கியபடி தெருச் சுற்றிய எங்கள் இரண்டு குழுக்களின் குதிரை வண்டிகளும் ஒரு முச்சந்தியில் நேருக்கு நேர் வந்து நின்றன. இரண்டு குழு சந்தித்தால் போட்டிதான்; தோற்கிற குழு நழுவிவிடக் கூடாதென்று கூட்டம் சக்கரங்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டது. எங்கள் ஊரில் நீதி அப்படி.

“ரெண்டுலயும் அசல்னு எழுதியிருக்கே, எது நெசம்?” என்றாள் சிப்பி விற்கும் ஃபிலோமீன்.

“ஊதட்டும் அக்கா, தெரிஞ்சுடும்” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

எனக்காக ஊதப் புதிதாக அமர்த்தியிருந்த தெலெஸ்ஃபோர் மெல்ல வண்டியைவிட்டு இறங்கினான். “ஸெனோன் அண்ணன் முன்னால ஊதி அசிங்கப்பட என்னால ஆகாது பேராசிரியரே.”

வேறு வழியின்றி நானே ஊதினேன். கழுதை மாடிப்படியில் உருண்டது போலிருந்தது என்றார்கள். மிகை, கழுதை அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. என் மத்தளக்காரர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

பிறகு ஸெனோன் ஊதினான். சாவுக்கு வாசிக்கும் துதிப்பாட்டில் மெல்லத் தொடங்கி, சட்டென்று அதைத் திருப்பிப் போட்டு ஆடவைத்தான். ஃபிலோமீன் கூடையை இறக்கிவிட்டு ஆடினாள். என் கால்கூட என்னைக் கேட்காமல் தாளம் போட்டது. என் பெயருக்கு இப்படி ஒரு ஓசை உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

“யோவ் போலி, எறங்கு. ஒரு பெரிய மனுஷன் பேரைக் கெடுக்கிறியா?” என்று கூட்டம் என்னைப் பார்த்துக் கத்தியது.

“ஸெனோன், நீயே சொல்லுப்பா. துவெர்னே யாரு?” என்று கேட்டேன்.

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். “நீங்க சொல்லிக் குடுத்ததைத்தாண்ணே சொல்றேன். யாராவது கேட்டா நான்தான்.”

அவன் என் பெயரோடு சிகாகோ போனான். அந்தப் பெயருக்குத்தான் அங்கே மேடை கிடைத்தது. இசைத்தட்டு வந்ததும் அந்தப் பெயரில்தான். என் மனைவி யூலலி அதைக் கேட்டுவிட்டு, “இப்பத்தான் நீங்க ஒழுங்கா வாசிக்கிறீங்க” என்றாள். அந்நியர்கள் கையைக் குலுக்குகிறார்கள். நானும் கொடுக்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் நுரையீரல் நோயில் ஸெனோன் இறந்துபோனான். கல்லறையிலும் துவெர்னே என்றுதான் செதுக்கியிருக்கிறார்களாம். விளம்பரத் துறையில் எனக்கு நிகர் எவனும் இல்லை: ஒரு முழு மனிதனை, புதைக்கக்கூடப் பெயர் மிஞ்சாமல் விழுங்கியிருக்கிறேன்.