வாளித் தண்ணீரை மாற்றியது பற்றி மார்த்தா அக்காவுக்கு

கெலுகோர்,
14 மார்ச் 1931, சனிக்கிழமை

கடலுக்கு அக்கரையில் பிறை ஊரில் இருக்கும் என் பிரியமுள்ள மார்த்தா அக்காவுக்கு, தங்கை ஜூலியானா சேசுநாதர் பேரால் தோத்திரம் சொல்லி எழுதுவது.

இறால் தன் மீசையைத் தானே சீவிக்கொள்ளும், உனக்குத் தெரியுமா? போன வாரம் அப்பாவின் தகரவாளியில் பார்த்தேன். முன்னங்காலால் ஒரு மீசையைப் பிடித்து நுனிவரை நிதானமாக நீவிவிட்டது. அதன் பிறகு, அப்பா அதை உயிரோடு தூண்டில் முள்ளில் குத்தும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நீயும் மச்சானும் சுகமா? இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பென்ஷன் வாங்கியதிலிருந்து அப்பாவுக்குத் தூண்டில்தான் உத்தியோகம், அதுவும் இறைச்சி தொடாத தபசுகாலத்து வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், அதனால் உயிர் இறாலைக் குத்த வேண்டாமே என்று பயந்து பயந்துதான் சொன்னேன். "செத்த இறாலைக் கொடுவா மீனு மோந்துகூடப் பாக்காது லா, நண்டுதான் வரும்," என்றார். இது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "நீ பெர்னார்ட் மகதானே? இந்த வெள்ளிக்கிழமை கொடுவா கிடைக்குமா?" என்றார்.

சரி, சாகும்வரையாவது அவை சுகமாக இருக்கட்டும் என்று நேற்றுக் காலை வாளியிலிருந்த கலங்கிய கடல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் இறைத்து ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் நாற்பதும் செத்து மிதந்தன. பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்கப்பா நாலு இறாலைக் கொல்லுவாரு. நீ பாசம் காட்டி வாளியையே கொன்னுட்டியேடி," என்று சிரித்தார்கள். அப்பா திட்டவில்லை. "மிளகாய் அரைச்சுச் சம்பால் போட்டுடு," என்றார். அழுதுகொண்டே வதக்கினேன், அழுதுகொண்டே இரண்டு தட்டுச் சோறு தின்றேன், ருசியாக இருந்தது, அதற்கும் அழுதேன்.

அப்போதுதான் சம்பால் காரம் பட்டு அப்பா கையை உதறினார். பார்த்தால் விரல்களெல்லாம் முள் குத்திய புண். "கண்ணு கொஞ்ச நாளா மங்கல், ஜூலி. தடவித் தடவித்தான் இறாலக் கோக்குறேன். அக்காவுக்கு எழுதிடாத. பிறைக்குக் கூட்டிட்டுப் போயி நாற்காலியில உக்கார வச்சிடுவா," என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, "நீ கோத்துக் குடுப்பியாம்மா?" என்று கேட்டார். என்னால் முடியாது அப்பா என்றேன். எழுந்து போய்த் தூண்டிலைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டார்.

ஆகையால் அவர் சொல்லை மீறி எழுதுகிறேன். அடுத்த வாரம் மச்சானோடு வந்து அப்பாவை அழைத்துப் போ. இறாலுக்கும் நல்லது, அப்பா விரலுக்கும் நல்லது.

உன் மாமியாருக்கு என் வணக்கம், சின்னவனுக்கு முத்தம். தேவமாதா உங்கள் வீட்டு வாசலைக் காக்கட்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் எழுத்து, மச்சானிடம் காட்டாதே.

இப்படிக்கு,
ஜூலியானா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை. வேறு தாள் இல்லை, அதனால் பிறைக்கு அழைத்துப் போகச் சொன்னதை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். நீங்கள் வர வேண்டாம், கண் டாக்டரிடம் நானே டவுனுக்குக் கூட்டிப் போகிறேன். பூசை முடிந்து வந்து அப்பா அந்த ஆணிக்கு எதிரே உட்கார்ந்து காப்பியை ஆறவிட்டார். நான் படகுக்காரரிடம் போய், உயிர் இறால்தான் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டு வாங்கி, கடல்தண்ணீரே மொண்டு, அப்பாவைக் கரைக்குக் கூட்டிப் போனேன். ஓர் இறாலை எடுத்தேன். அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். முள்ளில் கோத்து, தூண்டிலை அப்பா கையில் கொடுத்தேன்.