ஷட்டர் அண்ணாத்தே உடைத்த படிக்கட்டு

கரையான்சாவடி மெயின் ரோட்டு வியாபாரிகள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்த ஒரே மனிதர் ஷட்டர் அண்ணாத்தேதான். அதற்கு முன் நாங்கள் சேர்ந்தாற்போல வெளியே வந்தது கரண்ட் போனபோது மட்டும். அதுவும் பக்கத்துக் கடையிலும் போயிருக்கிறதா என்று பார்க்க.

கடைகளின் இரும்பு ஷட்டரைப் பழுது பார்ப்பது அவர் தொழில். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். பேங்க்கில் கையெழுத்துப் போடும்போது ‘ஷட்’ வரை எழுதிவிட்டு அடிப்பார் என்று ஒரு பேச்சு உண்டு.

எங்கள் தலைவலி மழைத் தண்ணீர். மழைநீர்க் கால்வாயின் மேல் ஆளாளுக்குப் படி கட்டி அதை அடைத்திருந்தோம். என் ஜெராக்ஸ் கடைப் படியை உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து மருந்துக் கடைக்குப் போகும். மருந்துக் கடைக்காரர் உயர்த்தினால் என்னிடமே திரும்பி வரும். ஒரு நல்ல மழைக்கு முழங்கால் தண்ணீர். புதிதாகக் குடிவந்த அடுக்குமாடிக்காரர்கள் அதில் இறங்கி வர மனமில்லாமல் எல்லாவற்றையும் போனிலேயே வாங்கப் பழகிவிட்டார்கள்.

“அல்லாரும் படிய ஒடைங்க. கால்வாய தூர் வாரலாம். எடுத்து வெக்கிறாப்ல இரும்புப் படி நானே வெல்டிங் பண்ணித் தரேன்” என்று அண்ணாத்தே கூட்டம் போட்டார். வந்தவர் டீ மாஸ்டர் ஒருவர்தான். அவரும் காலி கிளாஸ் வாங்க வந்தவர்.

அடுத்த வாரம் என் ஷட்டர் மக்கர் பண்ணியது. அண்ணாத்தேவைக் கூப்பிட்டேன். ஏணியில் ஏறி எதையோ கழற்றினார். ஷட்டர் தடதடவென்று முக்கால்வாசி இறங்கி நின்றது. நான் உள்ளே.

“ஆச்சாண்ணே?”

“ஸ்பிரிங்கு என் கைல கீது. ஞாயித்துக்கெயம கடப்பாறையோட வர்றேன்னு சொல்லு, மாட்றேன்.”

“இது அநியாயம்ணே!”

“ஆமா நைனா. டீ சொல்லட்டா?”

வருகிறேன் என்றேன். அந்த வாரம் முழுக்க, யாரும் கூப்பிடாமலே பல கடைகளுக்கு ஷட்டர் சர்வீஸ் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடப்பாறையோடு வந்தோம். முதலில் உடைக்கத்தான் ஆளில்லை. இனிப்புக்கடை முதலாளியின் கறுப்பு கிரானைட் படியைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார்.

அண்ணாத்தே கோடியில் இருந்த தன் கடைக்கு நடந்தார். ஓங்கி ஓர் அடி. படி பிளந்தது.

இனிப்புக்கடைக்காரருக்குத் தாங்கவில்லை. “யோவ், உன் கடை மேட்டுல இருக்கு. தண்ணியே வராதே, நீ ஏன்யா உடைக்கிற?”

“வராதுதான். உங்க ஷட்டர் துருப் புடிச்சாத்தான் எனக்கு வேலையே. ஆனா போன மழைக்கு மூட்ன ரெண்டு கட இன்னும் தொறக்கல மொதலாளி. டெய்லி அத்தப் பாத்துகினு போறேன். மனசுக்குப் பேஜாரா கீது.”

இனிப்புக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். கடப்பாறையைக் கையில் வாங்கினார். நாலாவது அடியில் கிரானைட் உடைந்தது, கொஞ்சம் அவரும்தான். பிறகு எங்கள் எல்லோருக்கும் கடப்பாறை தூக்கக் கை வந்துவிட்டது.

அடுத்த மழையில், தூர் வாரிய கால்வாயில் தண்ணீர் ஓடியதைத் தேர் பார்ப்பது போல நின்று பார்த்தோம். மூடியிருந்த கடைகளில் ஒன்று பூக்கடையாகத் திறந்தது.

ஷட்டர்கள் துருப்பிடிப்பது நின்றதில் அண்ணாத்தேவுக்கு வேலை குறைந்துவிட்டது. என்னுடையது இப்போது வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. ஆனாலும் மாதம் ஒரு தடவை, “ஏதோ சத்தம் வருதுண்ணே, ஒரு எட்டு வந்து பாருங்க” என்று அவருக்குப் போன் போட்டுவிடுகிறேன்.